இடது கையில் பருத்தி

இடது கையில் ஒரு ஈரத்துணி, வலது கையில் ஒரு ஈரத்துணி. ஐந்து நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள், கீழே வைத்துவிடாதீர்கள் என்று சைகை காட்டிவிட்டு அந்த நார்வே நாட்டுப் பெண் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தோரு வருஷம் திருப்பூரில் பனியன் துணி வெட்டியவர் கையில் துணியைக் கொடுத்து, குளிருக்கு எதைப் போடுவது என்று பாடம் எடுக்க ஒரு பெண், அதுவும் ஓடுகிற கப்பலில், அதுவும் பகல் பதினோரு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே இப்போதுதான் விடியப்போகிற மாதிரி ஒரு நீலம். இந்தப் பக்கத்தில் தை மாசத்தில் இதுதான் உச்சிப் பகலாம், இதற்கு மேல் வெளுக்காதாம், இரண்டு மணிக்கெல்லாம் இதுவும் போய்விடுமாம். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள், எல்லாம் இவரைப் போலத் தலை நரைத்த வெள்ளைக்காரர்கள், சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. சென்னியப்பனும் நீட்டிக்கொண்டார். தொட்டதுமே கட்டைவிரல் சொல்லிவிட்டது. வலது கையில் இருப்பது ஆட்டு ரோமம், மெல்லிசு, லேசாகச் சொரசொரப்பு. இடது கையில் பருத்தி, கலப்படமில்லாத பருத்தி, நல்ல நூல், நெருக்கமான பின்னல், நம்ம ஊர் மிஷினிலேயே ஓட்டியதாகக்கூட இருக்கும். மனசுக்குள் ஒரு சந்தோஷம். ‘இது எங்கூர்த் துணிங்க, தொட்டாலே தெரியும்’ என்று பக்கத்தில் இருந்த யோகராசாவிடம் சொன்னார். யோகராசா கப்பலின் சமையல்கட்டில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷமாகிறது. முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் மனைவி வசந்தாமணி யாரைக் கேட்பது என்று தெரியாமல் ‘தயிர் கெடைக்குமாங்க’ என்று தமிழிலேயே கேட்டுவைக்க, உள்ளேயிருந்து தலையை நீட்டியவர். அன்றிலிருந்து ஓய்வு நேரத்தில் இவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், கப்பலில் சொல்வதையெல்லாம் தமிழில் சொல்கிறார்.

அந்தப் பெண் ஒரு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசை வரிசையாகக் காற்று விட்டாள். காற்று பட்ட நிமிஷத்தில் இடது கை செத்துப்போனது. வலது கையிலும் அதே ஈரம்தான், ஆனால் அதில் ஒரு வெதுவெதுப்பு கிடந்தது, யாரோ உள்ளங்கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி. இடது கையில் சில்லிப்பு விரல் நுனியில் ஆரம்பித்து மணிக்கட்டு வரைக்கும் ஏறியது, எலும்பைத் தொட்டது. கீழே போட்டுவிடலாம் போல இருந்தது, வைத்துவிடாதே என்றாளே. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். யோகராசா இரண்டு வாக்கியம் பின்தங்கி, தேநீர்க் கோப்பையை ஊதிக்கொண்டே சொன்னார். ‘ரெண்டிலயும் ஒரே அளவு தண்ணிதான் விட்டவ, ஐயா. கம்பளி நனைஞ்சாலும் சூட்டை விடாது. பருத்தி அப்பிடி இல்ல, வேர்வையைக் குடிச்சுப்போட்டு உடம்போட ஒட்டிக்கொண்டு நிக்கும். பேந்து காத்துப் பட்டால் உடம்புச் சூடு முழுக்கப் போயிடும். குளிருக்க வெளிய போகேக்க உடம்போட ஒட்டிப் பருத்தி போடவே கூடாது எண்டுறா. ஏத்தத்தில நடந்து வேர்த்துப்போட்டு ஓரிடத்தில நிண்டா அவ்வளவுதான். இஞ்ச பள்ளிக்கூடத்துச் சின்னனுகளுக்கே தெரியும் ஐயா. பருத்தி ஆளைக் கொல்லும் எண்டு சொல்லிக் குடுத்துத்தான் பனிக்குள்ள விடுவினம்.’ சொல்லிவிட்டு ஒரு வாய் தேநீர் குடித்தார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. திரோம்சோ என்கிற ஊரில் எங்கள் பையன் வேலை பார்த்த இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும்தான் சென்னியப்பன் அவரிடம் சொல்லியிருந்தார். பையன் செத்துப்போனதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வேளை தயிர் கொண்டுவந்து வைக்கும்போது அவர் முகம் மாறியிருக்கும், அந்தமாதிரி முகங்களை இரண்டு வருஷமாகப் பார்த்து அலுத்துவிட்டது. பருத்தி ஆளைக் கொல்லும். முழுக்கை, இரண்டு பீஸ், ஒன்றுமேல் ஒன்று. வேறு யாரையோ பற்றித்தான் சொல்கிறார்கள். பருத்தி என்றால் என்ன பருத்தி, இந்தப் பெண்ணுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும், இவள் எத்தனை ரோல் வெட்டியிருக்கிறாள். ஆனால் இடது கை. இடது கை அவள் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் முடிந்து அவள் வந்து துணியை வாங்கியபோது, அவர் விரல்களை அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய பொங்கல் நாள். வீட்டில் பொங்கல் வைத்துப் படைத்துச் சாப்பிட்டு முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது, அங்கே பையன் நவநீதனுக்குக் காலை எட்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும், அந்த மார்கழியில் பழைய கம்பெனிக்குப் போய், முதலாளியிடம் சொல்லி, இருப்பதிலேயே கனமான துணியாகப் பார்த்து எடுத்து, தன் கையாலேயே ஆறு பீஸ் வெட்டினார் சென்னியப்பன். தையல் போடும்போதும் மிஷின் பக்கத்திலேயே நின்றார். வசந்தாமணி ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் தொட்டு வைத்து மடித்துக் கொடுத்தாள். பார்சல் போகியன்றே அவனுக்குக் கிடைத்துவிட்டது. செல்போனில் அவன் முகம் வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்றுகூட இல்லை, ‘புதுசு போட்டுட்டயா சாமி?’ ‘போட்டுட்டனுங்ப்பா.’ ‘எங்க, காட்டு பாக்கலாம்.’ ‘அட, உள்ளதானுங்ப்பா போட்டிருக்கறேன்.’ ‘சும்மா தூக்கிக் காட்டு.’ தூக்கிக் காட்டு. அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். அவன் சிரித்துக்கொண்டே மேலே போட்டிருந்த நீலச் சட்டையைத் தூக்கிக் காட்டினான், வெள்ளைப் பனியன், ஓரத்தில் மஞ்சள் பொட்டு. ‘ரெண்டு போட்டிருக்கறனுங்ப்பா, ஒண்ணு மேல ஒண்ணு, நீங்க சொன்ன மாதிரியே.’ இவருக்குப் பூரிப்பு. பிறகு அவன்தான் சொன்னான், நீங்க சூரியனுக்குப் பொங்கல் வெச்சுட்டீங்க, எனக்கு இங்க சூரியனே இல்லீங்ப்பா, பாத்து ரெண்டு மாசமாச்சு, இன்னிக்கு லீவு போட்டிருக்கறேன், பின்னாடி இருக்கற மலைமேல ஏறுனா மத்தியானத்துல விளிம்பாச்சும் தெரியும்கறாங்க, போயிப் பாத்துட்டு வரலாம்னு. அப்போது வசந்தாமணி பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, ‘புதுசெல்லாம் ஊட்டுக்குள்ள போட்டாப் போதும் கண்ணு, மலைக்குப் போறப்ப மாத்தீட்டுப் போ’ என்றாள். என்னவோ அழுக்காகிவிடும் என்று சொல்கிறாள் என்றுதான் இவர் நினைத்தார். அதற்கு இவர் என்ன சொன்னார்? அதை நினைத்ததும் கூடத்தில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார், பக்கத்திலிருந்து யோகராசா ‘என்ன ஐயா, தலைச்சுத்தா?’ என்று கேட்டார், இவர் இல்லை என்று தலையாட்டினார். ‘பொங்கலன்னிக்குப் போட்ட புதுச யாராச்சும் பொழுதோட கழட்டுவாங்களா? ராத்திரி வரைக்கும் அதோடதான் இருக்கோணும்.’ அதைத்தான் சொன்னார். அவன் அம்மா முகத்தைப் பார்த்தான், அப்பா முகத்தைப் பார்த்தான். ‘சரிங்ப்பா’ என்றான். ‘போயி எங்களுக்கும் சேத்து ஒரு கும்புடு போட்டுட்டு வா.’ அதையும் சொன்னார்.

யோகராசாவிடம் விடைபெற்றதாக ஞாபகமில்லை. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். லிப்ட் இருக்கிறது, வேண்டுமென்றே படியில் ஏறினார், வேண்டுமென்றே வேகமாக. மூன்று தளம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார். அறுபத்தாறு வயசில் இது தேவையா என்று வசந்தாமணி இருந்தால் கேட்பாள். நெற்றியில் வேர்த்தது, முதுகில் வேர்த்தது, உள்ளே போட்டிருந்த பனியன் முதுகோடு ஒட்டியது. அதே துணி, அதே ரோல், அந்த ஆறு பீஸ் போக மிச்சமிருந்ததில் தனக்கும் வசந்தாமணிக்கும் வெட்டி வைத்தது. இந்தப் பயணத்துக்கு ஆளுக்கு நாலு என்று அவரே அடுக்கி எடுத்து வந்தார். அவன் உடம்பில் இருந்ததே நம் உடம்பிலும் இருக்கட்டும் என்று. தளத்துக்குப் போகிற கதவு கனமாக இருந்தது, தோளால் தள்ளித் திறந்தார். குளிர் முதலில் மூக்குக்குள் போய் முடியையெல்லாம் விறைக்க வைத்தது. பிறகு கண். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள், மத்தியானத்திலேயே ஒவ்வொரு ஜன்னலிலும் மஞ்சள் விளக்கு, அதற்குப் பின்னால் வெள்ளை மலை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக மலை. இதில் எது? இது இல்லை, அவனுடைய மலைக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. கோட்டின் ஜிப்பைக் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் இறக்கினார். எவ்வளவு நேரம் தாங்கியிருப்பான்? ஏறும்போது அவனுக்கும் இப்படித்தான் வேர்த்திருக்கும், சந்தோஷமாக வேர்த்திருக்கும், இளவட்டம்தானே, சூரியனைப் பார்க்கப் போகிற அவசரம் வேறு. மேலே போனதும் மூட்டம் வந்துவிட்டது என்றார்கள். இறங்கும்போது கால் பிசகிவிட்டது என்றார்கள், கணுக்கால் வீங்கியிருந்தது. உட்கார்ந்திருப்பான். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பான். அப்போது அது, முதுகில் இருந்தது, அவர் வெட்டியது, குடிக்க ஆரம்பித்திருக்கும். முதுகு சில்லென்றது. நினைப்பினால் இல்லை, நிஜமாகவே, தோள்பட்டைக்கு நடுவில் யாரோ ஈரக் கையை வைத்து அழுத்துகிற மாதிரி. அழுத்திய கையை எடுக்கவே இல்லை. சென்னியப்பன் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றார். வைகாசி மாசத்தில் கட்டிங் அறையில் வெக்கை தாங்காது, மேல்சட்டை இல்லாமல் பனியன் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு வெட்டுவார், வேர்வையை அது குடித்துக்கொள்ளும், உடம்பு ஜில்லென்று இருக்கும், பருத்தியின் குணமே அதுதானே, அதைச் சொல்லித்தானே ஊரே விற்கிறது. அந்தக் குணம்தான். இந்தச் சின்ன விஷயம் நாற்பத்தோரு வருஷம் அதே துணியைத் தடவியவன் புத்தியில் ஒருநாள்கூட உறைக்கவில்லையே. நவநீதனுக்குத் தொழில் வரவில்லை. பத்தாம் வகுப்பு லீவில் கம்பெனிக்குக் கூட்டிப்போய், எதிரில் வருகிற ஆளைப் பார்த்துப் பனியன் அளவு சொல்லு என்றால், எண்பத்தைந்து போடுகிற ஒல்லிப்பிச்சானைத் தொண்ணூற்றைந்து என்பான், தொண்ணூற்றைந்துக்காரரை நூற்றைந்து என்பான். கட்டிங் டேபிளில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ‘நீ கம்ப்யூட்டரே படி சாமி’ என்று இவரும் சிரித்தார். படித்தான். மீன் வளர்க்கிற கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று இங்கே வந்தான். ஒரு தை மாசம் நீங்க ரெண்டு பேரும் வாங்க, கப்பல்ல கூட்டிட்டுப் போயிக் காட்டறேன் என்றான். ஜிப்பை மேலே இழுக்கப் பார்த்தார், இடது கை விரல் மடங்கவில்லை, வலது கையால் இழுத்துக்கொண்டார்.

அவன் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துச் சவப்பெட்டி வந்தது. கூடவே ஒரு பை, அவன் போட்டிருந்த துணிமணிகள், போலீஸ் பட்டியலோடு. மகள் கோகிலாதான் இங்கிலீஷில் இருந்த பட்டியலைப் படித்துச் சொன்னாள். நீலச் சட்டை ஒன்று, மேல்கோட்டு ஒன்று, வெள்ளைப் பருத்தி உள்பனியன் இரண்டு. இவர் அந்தப் பனியனை எடுத்து விரித்துப் பார்த்தார், மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது. அன்றைக்கு அழுகைக்கு நடுவில் அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். யாருமில்லாத மலையில், ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் போனானே என்று நெஞ்சு வெடித்தபோது, இல்லை, நான் கூட இருந்தேன் என்று தோன்றியது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னார். ‘கடைசி வரைக்கும் நாம வெட்டுன பனியன்தானுங்க அவன் ஒடம்புல இருந்துச்சு.’ வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாங்க, அப்பன் கட்டிப் புடிச்சிருந்த மாதிரிதானுங்க என்றார்கள். பதினாறாம் நாள் சொன்னார், வருஷத் திதிக்குச் சொன்னார், கல்யாண வீடுகளில் பழைய சிநேகிதர்கள் தோளைத் தொடும்போதெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வசந்தாமணி எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது, ஆனாலும் போவாள். தாங்க முடியவில்லை பாவம் என்று இவர் நினைப்பார். இப்போது படியிறங்கி, கம்பளம் விரித்த நீளமான நடையில் எண்களைப் பார்த்துக்கொண்டு அறையை நோக்கிப் போகும்போது, இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதைத் தவிர வேறெதுவும் தலைக்குள் இல்லை. சொல்லாமல் இருந்துவிடலாம். மிச்சமிருக்கிற காலத்துக்குத் தானே சுமந்துகொண்டு போய்விடலாம், அதற்கு முதுகு இருக்கிறது. ஆனால் இரண்டு மணிக்குக் கப்பல் திரோம்சோவில் நிற்கும், நாலு மணி நேரம் நிற்கும், அவன் கிடந்த இடத்துக்குப் பக்கம் வரைக்கும் கார் போகும், அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றத்தில் நடக்க வேண்டும். வசந்தாமணி நடப்பாள். நின்று அழுவாள், எவ்வளவு நேரம் நிற்பாள் என்று சொல்ல முடியாது. அவள் உடம்பிலும் அவர் வெட்டியதுதான் இருக்கிறது. அதைக் கழற்று என்று சொல்லாவிட்டால் இவளையும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்லிவிட்டால், பெற்றவள், தன் பிள்ளையைக் கொன்றது யார் என்று அப்புறம் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் முகம் எப்படி மாறும்? முப்பத்தெட்டு வருஷம் பார்த்த முகம். குளிருக்கு வேறு போர்வை கொடுத்துச் சமாளிக்கலாமா, கோட்டுக்கு மேல் கோட்டு. இல்லை, ஒட்டிக்கொண்டிருப்பதுதான், தோலோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான். பையனிடம் போட்டிரு என்று சொன்ன வாயால் இப்போது கழற்று என்று சொல்ல வேண்டும். அறை வாசலில் நின்று அட்டையைச் செருகினார், சிவப்பு விளக்கு எரிந்தது, திருப்பிச் செருகினார்.

வசந்தாமணி கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் கோட்டு, குல்லா எல்லாம் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டாள். தலை நிமிராமல் கழுத்தோரத்தைச் சொறிந்தாள். கப்பல் ஏறிய மூன்று நாளாக அப்படித்தான் சொறிகிறாள். இங்கே காற்று வறண்டு கிடக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள் என்று இவர்தான் சொல்லியிருந்தார்.

‘வந்துட்டீங்களா? கிளாஸ்ல என்னுங்க சொன்னாங்க?’

‘என்ன சொல்லுவாங்க. குல்லாப் போடு, காது மூடுன்னாங்க’ என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். ‘வசந்தா, உள்ள போட்டிருக்கற பனியனக் கழட்டிரு.’

அவள் கை பாதி ஏறிய காலுறையோடு நின்றுவிட்டது. ‘ஏனுங்க?’

‘கழட்டிருன்னாக் கழட்டிரு. இந்தக் குளுருக்கு அது ஆவாதாமா. வேர்த்தா ஈரத்தக் குடிச்சுக்குதாமா. அப்பறம் காத்துப் பட்டா…’ சுவரில் மாட்டியிருந்த மீன்பிடி படகுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘நாந்தான் வசந்தா. கழட்ட வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்.’

ஏன், எதை, யாரிடம் என்று அவள் கேட்கவில்லை.

‘சொல்லீட்டாங்களா’ என்றாள்.

அப்புறம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். உள்ளே வெள்ளை இல்லை. சாம்பல் நிறத்தில், மெல்லிசாக, கழுத்துவரை மூடிய கம்பளிப் பனியன். சென்னியப்பனுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது, வலது கையில் அரைமணி முன்னால் இருந்த அதே ரோமம்.

‘மூணு நாளா இதானுங்க போட்டிருக்கறேன். இதுதான் அரிக்குது. நீங்க எண்ணெய் தடவச் சொன்னீங்க.’ அவள் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டாள், மெதுவாக, துணியைப் பார்த்துக்கொண்டே. ‘நாமெல்லாம் வாரப்ப போட்டுக்கறதுக்குன்னு அவன் வாங்கி வெச்சதுங்க. அப்பறமா வந்த அவன் சாமான் பெட்டியில இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாம எடுத்து வெச்சுட்டேன். காட்டுனா எதுக்குக் கம்பளி வாங்குனான்னு கேப்பீங்க. மொத வருசம் நீங்க பனியன் அனுப்புனப்பவே சொன்னானுங்க. அம்மா, இங்க இதப் போட்டுட்டு வெளிய போனா ஆபத்தும்மா, ஊட்டுக்குள்ளயே போட்டுக்கறேன், அப்பாகிட்டச் சொல்லீறாதீங்க, பாவம், அவரே வெட்டி அனுப்பியிருக்கறாருன்னான். நானும் சொல்லுல. அன்னிக்கு நீங்க தூக்கிக் காட்டுன்னு சொன்னப்ப எனக்குத் திக்குனு ஆயிருச்சு. மாத்தீட்டுப் போன்னு சொன்னேன். காரணத்தச் சொல்லுல. நல்ல நாளும் அதுவுமா உங்க மொகம் வாடிப்போயிருமேன்னு இருந்துட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்களே கழட்டச் சொல்லியிருப்பீங்க. அவனக் கொண்டுபோனது உங்க பனியன் இல்லீங்க. என்ற வாயிதான்.’

சென்னியப்பன் கட்டிலின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவரை ஒருவர் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தால் பேச முடியாது. சமையல்கட்டு நினைவுக்கு வந்தது. அடுப்பில் ஒன்றுமே இல்லாத சமையல்கட்டில் அவள் நின்றுகொண்டிருந்த அத்தனை தடவையும் நினைவுக்கு வந்தன. கூடத்தில் இவர் சத்தமாக, தழுதழுத்துக்கொண்டு, கிட்டத்தட்டப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், உள்ளே அவள் ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கிறாள், திருப்பி எடுக்கிறாள்.

‘எல்லார்கிட்டயும் சொன்னனே வசந்தா.’

‘சொல்லட்டும்னு உட்டுட்டேன். உங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதானுங்களே.’

அழ வேண்டும் போல இருந்தது, வரவில்லை. உடம்புதான் நடுங்கியது, முதலில் முழங்கால், பிறகு தாடை. வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்து கோட்டுக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டாள், சுடுபாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். ‘முதுகெல்லாம் ஈரம். வெளிய போயி நின்னீங்களா? இத்தோட நின்னீங்களா? உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?’ என்று சத்தம் போட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் இவர்மேல் சத்தம் போட்டது இதுதான் முதல் தடவை. கோட்டைப் பிடுங்கி எறிந்தாள், சட்டையைக் கழற்றினாள், பனியனைக் கீழிருந்து சுருட்டினாள். ‘கையத் தூக்குங்க.’ தூக்கினார். ஈரப் பருத்தி முதுகை விட்டு வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது, இழுத்து உரித்தாள். அதைக் கீழே போடவில்லை, தூக்கியும் எறியவில்லை, நாற்காலி முதுகில் விரித்துப் போட்டாள். பெட்டியின் அடியில் கையை விட்டுப் பழைய சேலை மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். இன்னும் பிரிக்காத கவர். மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது, நவநீதனின் கோணல் எழுத்தில், ‘அப்பா.’ அவள் காகிதத்தைக் கிழியாமல் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கவரைப் பிரித்தாள்.

‘தூக்குங்க இன்னொருக்கா.’

தலை உள்ளே போனது, இருட்டாக இருந்தது, புதுத் துணி வாசம், ஆடு வாசம், பிறகு வெளிச்சம். சொரசொரவென்று இறங்கியது. அவருடைய கை தன்னாலேயே பக்கவாட்டுத் தையலைத் தேடிப் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தையலைப் பிடித்து, மேலே அக்குள்வரை போய்ப் பார்த்து, தோள் மூட்டைத் தொட்டு, கை முனையில் வந்து நின்றன. ஒரு இடத்தில் இழுக்கவில்லை, ஒரு இடத்தில் தொளதொளக்கவில்லை.

‘அளவு செரியா இருக்குதுங்களா?’ என்று வசந்தாமணி கேட்டாள். ‘கேட்டா சொல்லமாட்டீங்கன்னு போட்டோவப் பாத்து வாங்குனானாமா.’

‘தொண்ணூத்தஞ்சு’ என்றார் சென்னியப்பன். குரல் உடைந்து, அழுகை அப்போதுதான் வந்தது. ‘செரியா எடுத்திருக்கறான் வசந்தா.’

ஜன்னலில் இருந்த நீலம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. இடது கை இன்னும் சில்லிட்டே கிடந்தது. வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள்.